நோர்வேத் துலா

நோர்வேத் துலாவில் தூக்கிய முதற்பன்றி, ஓலை நெருப்பில் மயிர் பொசுக்கப்பட்டு, வயிறு கீறப்பட்டு, குடல் முழுவதும் கீழே வைத்த தகரத் தட்டில் இறங்கி முடிந்த பிறகு, பங்குக்கு வந்து கூடி நின்ற இருபத்தேழு பேருக்குள் நெல் மில்காரர் அருளம்பலத்தாரைத் தேடித் திரும்பி அவருக்கு மூன்று தரம் தலையாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு. அந்த நேரம் காற்று இருக்கவில்லை, குளத்தில் அலை இருக்கவில்லை, குடல் தட்டைச் சுற்றி நின்ற நாய்கள் மட்டும் எழும்பிப் போய் பாலை மரத்துக்கு அங்காலே இருந்துகொண்டன.

"கயிறு முறுக்கு விடுது," என்றார் வெடிக்காரப் பேரின்பம்.

அது கயிறல்ல, சங்கிலி. அதைக் கொக்கியில் மாட்டியவரே அவர்தான். ஆனாலும் ஒருவரும் அவரைத் திருத்தவில்லை. அருளம்பலத்தார் தன் பையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார். கத்தி வைத்திருந்த தவமலர் அந்தத் தலையை ஒருக்கால் பார்த்தா, அருளம்பலத்தாரை ஒருக்கால் பார்த்தா, பிறகு தொடை மூட்டில் கத்தியை இறக்கினா. தேக்கிலைகளில் பங்குகள் விழுந்தன. வழக்கமாக ஒரு வழியால், ஒரே கதையாகப் போகிற சனம் அன்றைக்கு அவரவர் பங்கோடு வேறு வேறு வழியால் வீட்டுக்குப் போனது.

துலாவைச் செய்தவன் நான். தும்பைமோட்டையில் காட்டுப்பன்றி என்பது மழை வெயில் மாதிரி ஒரு பருவம். கதிர் பால் பிடிக்கிற கிழமை வயலுக்குள் இறங்கினால் விடியும்போது அந்த ஏக்கரில் நெல்லும் இருக்காது, வரம்பும் இருக்காது. அதனால் பயிர்க் காவலுக்கென்று பதிந்த வேட்டைத் துவக்கு ஒன்று ஊரில் உண்டு, அது பேரின்பத்தின் கையில் உண்டு, அவர் விழுத்துகிற பன்றி ஊருக்குப் பொது. முந்தி நாலு பேர் தடியில் கட்டிக் காவி வந்து பாலை மரக் கிளையில் தூக்குவார்களாம். இப்போது காவுவதற்குத் தோள் இல்லை. இளந்தோள்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கின்றன, பேரின்பத்தின் தோளில் சண்டைக்காலத்துச் செல் குண்டின் துண்டொன்று குடியிருக்கிறது, பாலையின் கிளையும் அதே செல்லோடு போய்விட்டது. நோர்வேயில் மாட்டைவிடப் பெரிய மானைச் சுடுகிறவர்கள் வாகனத்தின் பின்பக்கத்தில் இரும்புக்கை ஒன்றைப் பூட்டி, இரண்டு பேராகவே தூக்கி உரித்து வெட்டி முடிப்பதை நான் கண்டிருக்கிறேன். ஊருக்குத் திரும்பி வந்து இரண்டு வருசமாகச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இருந்த எனக்கு அது ஞாபகம் வந்தது.

லாண்ட்மாஸ்டர் என்று நாங்கள் சொல்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில், குழாய்க்கிணற்றுக் குழாயைத் தூணாக நிறுத்தி, எரிந்த பஸ்ஸொன்றின் கூரைச் சட்டத்தைக் கையாக நீட்டி, கராஜில் எஞ்சின் இறக்குகிற செயின் புளொக்கை அதன் நுனியில் தொங்கவிட்டு, பாரத்தில் பெட்டி கவிழாமல் பக்கத்துக்கொரு ஜாக்கியும் வைத்தேன். வெட்டுகிறவர் பன்றியைச் சுற்றி நடக்காமல் பன்றி வெட்டுகிறவரைச் சுற்றி வரட்டும் என்று தூணின் அடியில் ஒரு பேரிங்கை வைத்து வெல்டிங் பிடித்தேன். பழைய இரும்புக்காரரிடம் வாங்கிய அந்தப் பேரிங் ஏதோ ஒரு ட்றக்கின் சில்லுக்குரியது. கிறீஸைத் துடைத்தபோது அதில் கொஞ்சம் பச்சைப் பெயின்ற் ஒட்டியிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பின்னங்காலில் கட்டித் தலைகீழாகத் தூக்குவதுதான் ஊர் வழக்கம். முன்னங்கால்கள் இரண்டையும் விரித்துக் கட்டித் தலை மேலே இருக்கத் தூக்கினால் குடல் தன்பாட்டில் இறங்கும் என்று படிப்பித்தவனும் நான்தான். முதல்நாள் எல்லாரும் அதைப் பார்த்து, "ஆள் கையை உயர்த்திக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்கள். அது தலையாட்டுவதற்கு முன்.

ஐம்பது வயது கடந்த எவருக்கும் அந்தத் தலையாட்டலை விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. முப்பத்து மூன்று வருசத்துக்கு முன் ஒரு காலை ஊரைச் சுற்றி வளைத்தார்கள். யார் என்று சொல்லிப் பிரயோசனமில்லை, அந்த வருசங்களில் வளைத்தவர்கள் பல பேர். பள்ளிக்கூட வளவில் ஆம்பிளைகளை வரிசையாக விட்டார்கள், கையில் அடையாள அட்டை, வரிசை ஒரு ஜீப்பைக் கடந்து போகும், ஜீப்புக்குள் தலையில் சாக்குப் போட்ட ஒருவன், சாக்கில் இரண்டு ஓட்டை, அவன் சும்மா இருந்தால் வீட்டுக்கு, தலையை ஆட்டினால் ட்றக்குக்கு. எட்டுப் பேருக்கு ஆட்டினான். எட்டுப் பேரும் திரும்பி வரவில்லை. எட்டாவது ஆள் தவமலரின் கணவன் கனகலிங்கம், கலியாணம் முடிந்து ஏழு மாதம். சாக்குக்குள் இருந்தவன் யார் என்று தெரியாது, எங்களை அறிந்த ஒருவன் என்பது மட்டும் தெரியும். வரிசையில் நின்றவன் சாக்குக்குள் இருந்திருக்க ஏலாது. ஆகவே அன்றைக்கு வரிசையில் நில்லாதவர்கள் யார் யார் என்பதை ஊர் முப்பத்து மூன்று வருசமாக ஒருவருக்கொருவர் சொல்லாமல் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தது.

அருளம்பலத்தார் அன்றைக்கு நிற்கவில்லை. மில்லுக்கு பெல்ற் வாங்கப் பட்டணம் போயிருந்தவர். பெல்ற்றைக் கண்டவர்கள் உண்டு. அது புதிசா பழசா என்பதுதான் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

நான் நின்றனான். எனக்குப் பதினாறு வயது. நாற்பதாம் நாள் மாமா ஒருவர் என்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டு நோர்வேக்கு ஏற்றிவிட்டார். ஏன் நாற்பதாம் நாள் என்று ஊரில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. கேட்காமல் விட்டதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

பன்றி தலையாட்டுமா என்று தும்பைமோட்டையில் ஒருவரும் யோசிக்கவில்லை, ஆட்டியதை இருபத்தேழு பேர் கண்டிருக்கிறார்கள். ஏன் ஆட்டியது என்பதைத்தான் யோசித்தார்கள். அந்தக் கிழமையே மில் வாசலில் சனம் குறைந்தது, நெல் மூட்டைகள் ஆறு மைல் தள்ளி இன்னொரு மில்லுக்கு சைக்கிளில் போயின. மாடு களவு கொடுத்த ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து வந்து, தான் சந்தேகப்படுகிற மூன்று பேரின் படங்களைத் துலாவின் கொக்கிக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டிவிட்டு, வெறுங்கொக்கி ஒன்றும் சொல்லாததால் என்னை ஏசிவிட்டுப் போனார். கோயில் ஐயர் கேளாமலே வந்து தூணுக்குத் திருநீறு பூசினார். பேரின்பத்தின் வீட்டில் வேறு பிரச்சினை. பன்றியின் தலை வெடிக்காரனுக்கு என்பது வழக்கம், அந்தத் தலையைப் பேரின்பம் வீட்டுக்குக் கொண்டு போனபோது அவர் மனிசி வாசற் படலையிலேயே மறித்தா.

"இஞ்சேருங்கோ, உதை என்ர குசினிக்க கொண்டராதேங்கோ. நான் கறியைத் துழாவேக்க அது என்னைப் பார்த்து ஆட்டிச்செண்டால் நான் என்ன செய்யிறது?"

"உனக்கு ஏனப்பா ஆட்டுது? நீ என்ன செய்தனீ?"

"அப்ப அருளண்ணை என்ன செய்தவர்? சொல்லுங்கோவன். உங்கட சிநேகிதர்தானே."

பேரின்பம் தலையைக் குளக்கட்டில் குழி வெட்டித் தாட்டார்.

பங்கு பிரிப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. தவமலர் வெட்டி இலைகளில் போடுவா. அவவின் கையில் ஒரு ஈரல் துண்டு கூடக் குறையாது. எல்லாம் போட்டு முடிந்ததும் ஒருவர் பங்குகளுக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்க வேண்டும். தவமலர் ஒரு இலையைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்பா, திரும்பி நிற்பவர் எதையும் பாராமல் ஒரு பேர் சொல்லுவார், அந்தப் பங்கு அந்தப் பேருக்கு. அதற்குமேல் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பதினெட்டு வருசமாக அப்படித் திரும்பி நின்று பேர் சொன்னவர் அருளம்பலத்தார்தான். இப்போது அதற்கும் ஒரு கருத்து வந்துவிட்டது.

"பேர் சொல்லிப் பழகின ஆள்தானே," என்றார் ஒருவர் தேத்தண்ணிக் கடையில், கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை, எல்லாரும் கேட்டார்கள்.

இரண்டாவது பன்றி இருபது நாளில் விழுந்தது. அருளம்பலத்தார் வந்தார், வராமல் விட்டால் அது ஒத்துக்கொண்டதாகிவிடும். ஐம்பது வருசம் வைத்திருந்த மீசையை வழித்திருந்தார், மகனின் நீலத் தொப்பியைப் போட்டிருந்தார், எப்போதும் நிற்கிற இடத்தை விட்டுப் பெண்களின் பக்கத்துக்குப் பின்னால் போய் நின்றார். இந்த முறை ஊர் வழக்கப்படி தலைகீழாகத் தூக்கினோம். பன்றி மெல்ல மெல்ல, முழுக் குளத்தையும் சுற்றிப் பார்ப்பது போலச் சுற்றி வந்து, பெண்களைத் தாண்டி நீலத் தொப்பியில் நின்று, தலைகீழாக மூன்று தரம் ஆட்டியது. தலைகீழாக ஆட்டியதைப் பார்க்க முதல்முறையைவிட மோசமாயிருந்தது. சங்கிலி என் கையில். சங்கிலி இழுக்கிறவன் எப்போதும் பன்றியின் முதுகுப் பக்கம் நிற்பான், அவனை அது பார்க்க ஏலாது. அந்த இடம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நான் பிறகுதான் யோசித்தேன்.

அன்று பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூடினார்கள். மூன்றாம் தரமும் ஆட்டினால் அருளம்பலத்தார் மில்லைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போக வேண்டும் என்று முடிவானது. யார் அதை முதலில் சொன்னது என்று கேட்டால் இன்றைக்கும் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுவார்கள்.

"சரி," என்றார் அருளம்பலத்தார். மீசையில்லாத மேலுதட்டைத் தடவிக்கொண்டார். "அறுபத்தைஞ்சு வயசில எங்க போறது எண்டு ஆரும் யோசிச்சனீங்களோ?"

ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

"நான் பங்குக்கு வராமல் விட்டால்?"

"வராட்டி இண்டைக்கே போகலாம்," என்றது பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல்.

தவமலரும் வந்திருந்தா. எல்லாரும் கதைக்கும்போது அவவின் முகத்தையே பார்த்துக் கதைத்தார்கள், அவவுக்காகத்தான் எல்லாம் என்பது போல. அவ கத்தியைச் சுற்றி வைக்கிற துணியை மடியில் வைத்து மடித்துக்கொண்டும் விரித்துக்கொண்டும் இருந்தா.

மூன்றாவது பன்றி விழுந்த காலை பேரின்பம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அது ஆளைக் கண்டால்தானே ஆட்டும்? காணாமல் செய்தால்?" அவருக்கு அருளண்ணையைக் காப்பாற்ற வேண்டும், எனக்கும்தான். பெட்டிக்குள் கிடந்த பழைய நெல்லுச் சாக்கொன்றை எடுத்தேன். முன்னங்கால்களைக் கட்டித் தலை மேலே இருக்கத் தூக்கியதும், பெட்டியில் ஏறி நின்று, என் கையாலேயே அந்தச் சாக்கைப் பன்றியின் தலையில் கவிழ்த்துக் கழுத்தில் கட்டினேன். முப்பது வருசம் வேறு நாட்டில் இருந்த கைக்குத்தான் அப்படியொரு பிழை வரும். இறங்கித் திரும்பிப் பார்த்தபோதுதான் கண்டேன்: கைகளை உயர்த்தியபடி, தலையில் சாக்கோடு, வெயிலில் அது நின்றது. சாக்கில் எலி அரித்த இரண்டு ஓட்டைகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று.

ஒருவரும் கட்டளையிடவில்லை. முதலில் பேரின்பத்தின் கை தன் சேர்ட் பொக்கற்றுக்குப் போனது, அடையாள அட்டையை எடுத்தது. பிறகு அவருக்குப் பக்கத்தில் நின்றவர், பிறகு அவருக்குப் பக்கத்தில் நின்றவர். ஆம்பிளைகள் ஒருவர் பின் ஒருவராக வரிசையானார்கள், பெண்கள் வரிசையை விட்டு விலகிப் பாலை மரத்தடியில் குந்தினார்கள். சேர்ட் போடாமல் வந்தவர்கள் வெறுங்கையை அட்டை பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டார்கள். இளம்பெடியள் சிலர் சிரிக்கப் பார்த்து, தகப்பன்மாரின் முகத்தைக் கண்டு, அவர்களும் வந்து வாலில் சேர்ந்தார்கள். அப்படியே வரிசை நகர்ந்து லாண்ட்மாஸ்டரைக் கடந்து போகத் தொடங்கியது. முதலாவது ஆளுக்குச் சாக்கு ஆடவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஒருவருக்கும் ஆடவில்லை, கடந்து போனவர்கள் முப்பத்து மூன்று வருசத்து மூச்சை விட்டு அங்கால் போய் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அருளம்பலத்தார் ஒன்பதாவது. அன்றைக்குப் பட்டணம் போனவருக்கு வரிசையில் எப்படி நடப்பது என்று தெரியவில்லை, அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

சாக்கு மூன்று தரம் ஆடியது.

கடந்து போனவர்களில் இரண்டு பேர் வந்து, ஆளுக்கொரு பக்கமாக, மரியாதையாகத்தான், அவருடைய கைகளைப் பிடித்தார்கள்.

"விடுங்கோ அவரை," என்றா தவமலர்.

பெண்களின் பக்கமிருந்து கத்தியோடு வந்து பெட்டிக்கும் வரிசைக்கும் நடுவில் நின்றா. குரல் பெரிதாக இல்லை.

"என்ர மனுசனுக்கும் இப்பிடித்தான் ஆட்டினது. அவர் ஒண்டும் செய்யேல்ல, சும்மா ஆட்டிப்போட்டான் எண்டு அண்டைக்கு எனக்கு வந்து சொன்னது ஆர்? நீங்கள்தானே? பேரின்பண்ணை, நீங்கள் சொல்லேல்லையோ?"

"சொன்னனான், பிள்ளை."

"முப்பத்து மூண்டு வருசமாச் சொல்லுறியள். அப்ப அந்தத் தலை ஆட்டினது பொய். இந்தத் தலை ஆட்டினது மட்டும் என்னெண்டு மெய்யாகும்? இது மெய்யெண்டால் அதுவும் மெய். அப்ப என்ர மனுசன் செய்தவர். சொல்லுங்கோ. ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ, நான் கேட்டுக்கொண்டு போறன்."

குளத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. கையைப் பிடித்திருந்த இரண்டு பேரும் விட்டார்கள். தாங்கள் பிடிக்கவேயில்லை என்பது போலக் கைகளைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்கள்.

அவ பெட்டியில் ஏறிச் சாக்கை அவிழ்த்தா. உள்ளே பன்றி முகம்தான் இருந்தது, கண் மூடி, கடைவாயில் கொஞ்சம் இரத்தம் காய்ந்து. சாக்கை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெட்டத் தொடங்கினா. எலும்பில் கத்தி படுகிற சத்தம் மட்டும் கேட்டது. இலைகள் நிறைந்ததும் நிமிர்ந்து பார்த்தா.

"அண்ணை, திரும்பி நில்லுங்கோ. பேர் சொல்லுங்கோ."

"பிள்ளை..." அருளம்பலத்தார் தலைகீழாகப் பிடித்திருந்த அட்டையை நிமிர்த்தினார். "நீ என்னை நம்புறியோ?"

"இல்லை," என்றா தவமலர். "உங்களையும் நம்பேல்ல, இஞ்ச நிக்கிற ஒருத்தரையும் நம்பேல்ல. அது என்ர பாடு. பண்டியின்ர பாடில்லை. திரும்புங்கோ."

அவர் திரும்பினார். முதுகில் சேர்ட் நனைந்து ஒட்டியிருந்தது.

"இது ஆருக்கு?"

"கனகலிங்கத்துக்கு," என்றார்.

தவமலரின் விரல் இலையிலேயே நின்றது. பின் அந்த இலையை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்தா. அடுத்த இலையைத் தொட்டா. அவர் அடுத்த பேரைச் சொன்னார், கொண்டு போன எட்டுப் பேரின் பேரையும் ஒன்று விடாமல் சொன்னார், பிறகு நிற்கிறவர்களின் பேர்களைத் தொடங்கினார். ஒவ்வொருவரும் தன் பேரைக் கேட்கும்போது ஒரு கணம் துடித்துப் பிறகு பையை நீட்டினார்கள். இலைகள் போதாமல் போக, தவமலர் இருந்த பங்குகளிலிருந்து கிள்ளிக் கிள்ளிப் புதுப் பங்கு போட்டா. அன்றிலிருந்து தும்பைமோட்டையில் எந்தப் பன்றிக்கும் எட்டுப் பங்கு கூட. எல்லாருக்கும் இறைச்சி குறைந்தது, ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. அந்த எட்டும் கோயில் வாசலில் பிச்சை எடுக்கிறவர்களுக்குப் போகிறது என்கிறார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை.

அருளம்பலத்தார் ஊரில்தான் இருக்கிறார், மீசை திரும்ப வந்துவிட்டது, நெல் மூட்டைகளில் பாதி திரும்ப வந்துவிட்டது. துலாவைக் கழற்றுவோமா என்று கேட்டேன். பன்றியை ஆர் காவுறது என்று கேட்டார்கள். பன்றிகள் ஆட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது ஆளுக்காள் மாறி ஆட்டுகின்றன, ஒருநாள் பேரின்பத்துக்கு, ஒருநாள் கோயில் ஐயருக்கு, அவர் இறைச்சி தின்னாதவர், சும்மா பார்க்க வந்தவர். தலையை எவரும் வீட்டுக்குக் கொண்டு போக விரும்பாததால் அதற்கும் ஒரு முறை வந்தது: தலை ஆருக்கு ஆட்டுதோ அவருக்குத் தலை, கொண்டுபோய்க் காய்ச்சத்தான் வேண்டும். ஐயருக்குக் கிடைத்த தலையைக் கோயில் வளவில் நாய் தின்றது.

போன மாசம் கைமுறிவு வந்து சங்கிலி இழுக்கிற வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, முதல்முறையாக நான் பன்றிக்கு முன்னால், சனத்தோடு சனமாக நின்றேன். அது நேரே என்னிடம்தான் வந்தது. தேடக்கூட இல்லை, மூன்று தரம் ஆட்டியது.

"தம்பி அண்டைக்கு வரிசையில எனக்குப் பின்னால நிண்டவன்," என்றார் பேரின்பம் உடனே, ஒருவரும் கேட்கமுன்னமே. பிறகு யோசித்தார். "முன்னால எண்டு நினைக்கிறன்." இன்னும் கொஞ்சம் யோசித்தார்.

தலையை, தவமலர் எடுத்து வைத்திருந்த அந்த நெல்லுச் சாக்கில் போட்டுத் தந்தார்கள். நல்ல கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன், கரியரில் தலை, வழிநெடுக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சன்னல் சீலை அசைந்தது. வெட்டி முடித்து முன்னமே வீட்டுக்குப் போயிருந்த தவமலர் தன் படலையில் நின்றா.

"கொஞ்சம் நில்லுங்கோ தம்பி."

கிட்ட வந்து சாக்கின் வாயை விரித்து உள்ளே பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. பிறகு திரும்ப உள்ளே பார்த்தா, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி. நான் நின்றனான், அக்கா, வரிசையில் நின்றனான் என்று சொல்ல வாய் திறந்தேன். அவ கேட்கவில்லையே என்று மூடிக்கொண்டேன்.

"மிளகு கூடப் போட்டுக் காய்ச்சுங்கோ," என்றா, "பழசெண்டால் அவியாது."

பன்றி அன்று காலைதான் விழுந்தது. நான் சைக்கிளை உருட்டினேன். பத்தடி போயிருப்பேன், பின்னால் படலை சாத்துகிற சத்தம் கேட்டது, பிறகு சங்கிலி போடுகிற சத்தம். இரண்டு வருசத்துக்கு மேலாக அந்த வழியால் போய் வருகிறேன். தவமலர் படலைக்குச் சங்கிலி போட்டதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.